கப்பித்தான் தின்னவில்லை

நாயைப் பற்றித்தான் முதலில் சொல்வேன், தம்பி. நீங்கள் ஆலாப் பறவையைப் பற்றிக் கேட்க வந்தவர். தெரியும். பத்து வருசத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்கு வந்த யாமினி மேடம் போட்ட கணக்குப்படி இந்நேரம் மணல் திட்டில் கால் வைக்க இடமில்லாமல் ஆலா இருந்திருக்க வேண்டும், நேற்று போய்ப் பார்த்தால் வெறும் மணல்தான் கிடந்தது, அது ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நாயைச் சொல்லாமல் ஆலாவைச் சொல்ல எனக்கு வராது.

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள், ஒரு கால் குட்டை. கட்டிலில் உட்காருங்கள். நான் சொல்வது அந்தப் போனில் பதிவாகிறதா? ஆகட்டும். எனக்கும் அதுதான் வேண்டும். என் பெயர் வியாகுலம். நாயின் பெயர் கப்பித்தான், கப்பல் கேப்டன் என்கிறீர்களே, அதுதான். பெயர் வைத்தது என் மனைவி பிரகாசி. வள்ளத்தில் ஏறியதும் அது நேராக அணியத்துக்குப் போய்விடும். முன்னால், கூராக இருக்குமே, அங்கே. போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். கடலையே அதன் பெயருக்கு எழுதிக் கொடுத்தது போல. "கப்பித்தான் கெளம்பிட்டாரு, நீங்க இன்னும் வேட்டியக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்பாள் என்னைப் பார்த்து. பெயர் ஒட்டிக்கொண்டது.

கப்பித்தான் ஒரு முட்டையைக்கூட உடைத்ததில்லை. இதை மட்டும் நீங்கள் எங்காவது எழுதினால் போதும். மற்றதை உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஆலாவைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை உடம்பு, கருப்புத் தலை, மீனைக் கண்டால் தலைகீழாகக் கடலில் விழும். பங்குனி கடைசியில் வரும். எங்கிருந்து வரும் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் புன்னைத்துறைக்கு எதிரே இருக்கிற அந்த மணல் திட்டில் இறங்கும். கூடு கட்டாது. மணலில் நெஞ்சால் ஒரு குழி பறித்து, அதிலேயே இடும். ஒன்று, இரண்டு, சிலது மூன்று. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கீழே பார்த்துத்தான் நடக்க வேண்டும். நாம் இறங்கினால் எல்லாம் ஒன்றாக மேலே கிளம்பும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தலையில் எச்சம் விழும். முந்தானையால் மூடிக்கொண்டுதான் பெண்கள் நடப்பார்கள்.

அந்த நேரம்தான் விசைப்படகுக்குத் தடைக்காலம். நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். தடைக்காலத்தில் வேலை கிடையாது. எங்களிடம் ஒரு சின்ன வள்ளம் இருந்தது. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவேன். பாசி எடுத்துவிட்டுத் திரும்பும்போது திட்டில் இறங்கி முட்டை எடுப்பார்கள். எங்கள் அப்பன் காலத்திலிருந்து எடுப்பதுதான். விற்பதற்கு இல்லை. சின்ன வெங்காயம் போட்டுப் பொரித்தால், மஞ்சள் கரு ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் இருக்கும். மீன் இல்லாத நாளில் அதுதான் கறி. சட்டப்படி தப்பு என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்டை எனக்குப் படிக்கத் தெரியும். நானாகப் படித்தது, கடைக்காரன் மடித்துக் கொடுக்கிற பேப்பரில். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் படித்தவனும் படிக்காதவனும் சேர்ந்தே எடுத்தோம்.

அப்போதுதான் யாமினி மேடம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம். சின்ன வயசு. முதல் தடவை வந்தபோது ஆலா அப்போதுதான் இறங்கியிருந்தது. வள்ளத்தில் இருந்தபடியே பைனாகுலரில் பார்த்துப் பார்த்து எண்ணியது. வெயிலில் மூக்கு உரிந்துவிட்டது. பிரகாசி தேங்காய் எண்ணெய் கொடுத்தாள். திட்டில் இறங்க அனுமதிக் காகிதம் வரவில்லை என்று திரும்பிப் போய், காகிதம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் சித்திரை பாதி போய்விட்டது.

மறுபடி வந்து திட்டில் இறங்கிய அன்றைக்குத்தான் எல்லாம் தொடங்கியது. மணல் முழுக்க முட்டை ஓடு. ஓடு நெடுக நாயின் காலடி. மேடம் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தது. ஓட்டின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தது. "அண்ணே, இது யாரோட நாய்?" என்றது.

"நம்ம நாய்தான்" என்றேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

நல்ல பிள்ளைதான், தம்பி. நான் குறை சொல்லவில்லை. மாலையில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறக்கும். ஆலா எத்தனை இறங்கியது, எத்தனை முட்டை இட்டிருக்கும், மனிதர் எடுத்தது எவ்வளவு, காக்கை கொத்தியது எவ்வளவு, நாய் தின்றது எவ்வளவு, மீந்த குஞ்சு எவ்வளவு, அந்தக் குஞ்சு வளர்ந்து எத்தனை வருசம் கழித்துத் திரும்பி வந்து முட்டையிடும், எல்லாவற்றையும் உள்ளே போட்டு வைத்திருந்தது. ஒன்றைத் தட்டினால் ஒரு கோடு மேலே ஏறும். இன்னொன்றைத் தட்டினால் அதே கோடு கீழே இறங்கும். அடுத்த இருபது வருசமும் அந்தப் பெட்டிக்குள் ஓடி முடிந்துவிடும். நான் அதைக் கம்ப்யூட்டர் திட்டு என்று சொல்வேன். மேடம் சிரிக்கும்.

பிரகாசிக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள், "தாயி, இந்தத் திட்டுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்கக்கா. எடுத்ததுன்னு ஒரு எண் இருக்கு பாருங்க, அதுல இருக்கீங்க."

"எண்ணுக்குள்ளயா இருக்கேன்? சேலையெல்லாம் தெரியலையே."

அந்த எண்ணை வாங்கத்தான் மேடம் வீடு வீடாகப் போனது. எத்தனை முட்டை எடுத்தீர்கள் என்ற ஒரே கேள்வி. பெயரை எழுத மாட்டேன் என்று சொன்னது. ஆனாலும் பெண்கள் பயந்தார்கள். ஒருத்தி, "எங்க வீட்டுல யாருக்கும் முட்டை ஒத்துக்காது" என்றாள். அவள் அடுப்பில் அப்போது முட்டைதான் வெந்துகொண்டிருந்தது. பிரகாசிதான் எல்லாரையும் கூட்டி வைத்துத் திட்டினாள். "படிச்ச பிள்ளை வெயில்ல அலையுது. அதுகிட்டப் போய்ப் பொய் சொல்றீங்களேடி. எடுத்தது எத்தனையோ அத்தனையைச் சொல்லுங்க. மாதா மேல ஆணை." அதற்குப் பிறகு ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு முட்டையையும் சொன்னார்கள். அத்தனையும் உண்மை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பிறகு பிரகாசிக்கு ஒரு பொன்னாடை வந்தது, அது எதற்கு என்று உங்களுக்குப் புரிய. முட்டை எப்படி எடுப்பீர்கள் என்று மேடம் பிரகாசியிடம் கேட்டது. இவள் சொன்னாள், "மொத நாளு போனதும் திட்டைத் துடைச்சிருவோம் தாயி. துடைச்சிட்டு வந்துட்டா, பொறவுதான் எடுக்கிறது."

"துடைப்பீங்களா? எல்லாருமா?"

"எல்லாரும்தான். ஒரு மூலை விடாம."

மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்ல பழக்கம்க்கா. நான் எங்கயும் இப்படிப் பார்த்ததில்லை. இதைக் கட்டாயம் எழுதணும்." எங்கள் வள்ளத்தில் பிளாஸ்டிக் பாட்டில் போட்டு வைத்த ஒரு சாக்கு எப்போதும் கிடக்கும், மிதவைக்கு ஆகும் என்று. அதையும் போட்டோ எடுத்துக்கொண்டது. எதற்கு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆடியில் கூட்டம் போட்டார்கள். மாதா கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதில் கோடெல்லாம் காட்டியது மேடம். இப்போது போகிற போக்கில் போனால் இந்தக் கோடு. முட்டை எடுப்பதைப் பாதியாகக் குறைத்தால் இந்தக் கோடு, கொஞ்சம்தான் ஏறும். திட்டுக்கு நாயே போகாமல், காக்கையும் குறைந்தால் இந்தக் கோடு. அது வேட்டியின் கரைவரை ஏறிப் போனது. பத்து வருசத்தில் ஆலா இரண்டு மடங்கு என்றது. எடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது, முடியாவிட்டால் பாதியாவது குறையுங்கள், ஆனால் பெரிய சேதம் நாயால்தான் என்றது. முட்டை இவ்வளவு இருந்திருக்க வேண்டும், நீங்கள் எடுத்தது இவ்வளவுதான், காக்கை எடுத்ததை நானே உட்கார்ந்து பார்த்தேன், மிச்சம் எங்கே போனது? ஓடாகக் கிடக்கிறது. ஆள் தடம் எடுக்க வந்தவர்களுடையது, ஓட்டின் பக்கத்தில் இருப்பது நாய்க் காலடி.

மண்டபத்தில் எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. ஊரைக் குற்றம் சொல்வார்கள் என்று பயந்துதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெரு லூயிசு எழுந்து, "அப்ப ஊருல யாரும் களவாணி இல்ல. வியாகுலம் வீட்டு நாலுகால் ஆளு மட்டுந்தான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு மேடம் பிரகாசியை மேலே கூப்பிட்டது. பருவம் தொடங்கும்போது இந்த ஊர்ப் பெண்கள் ஒன்றாகப் போய்த் திட்டைத் துடைத்து வைக்கிறார்கள், இது மற்ற ஊருக்கெல்லாம் பாடம் என்று சொல்லி, ஒரு பொன்னாடை போர்த்தியது. மேடம் பக்கத்தில் வேட்டித் திரையில் எங்கள் பாட்டில் சாக்குப் படம். பிரகாசி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். துடைத்ததற்கா பொன்னாடை? துடைப்பது எல்லாரும் செய்வதுதானே. ஆனாலும் மரியாதை மரியாதைதான். எங்கள் கல்யாணத்தில்கூட அவளுக்கு அப்படி ஒரு துணி நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

பொன்னாடையோடு நிற்கிறாள். ஊரே பார்க்கிறது. அப்போது சொன்னாள், "எங்க நாயை நானே மொதல்ல தாரேன்."

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? அந்த மண்டபத்தில் யார்தான் என்ன சொல்லியிருக்க முடியும்?

ஊர்க் கமிட்டி ஒரு மினி லாரி ஏற்பாடு செய்தது. ஊரில் இருந்த நாய் அத்தனையும் ஏற்றி, பரமக்குடி தாண்டி எங்கோ ஒரு பண்ணையில் விடுவதாகச் சொன்னார்கள். பண்ணை எது என்று பிறகு கேட்டேன். கமிட்டித் தலைவர், "நல்ல பண்ணைதான்" என்றார். மற்ற நாய்களைக் கயிறு போட்டு இழுத்துத்தான் ஏற்றினார்கள். கப்பித்தானைப் பிரகாசி தன் பழைய சேலைக் கிழிசலைக் கழுத்தில் கட்டிக் கூட்டிக்கொண்டு போனாள். அது தானாகவே லாரியில் ஏறியது, தம்பி. ஏறி, மற்ற நாய்களை எல்லாம் தாண்டிக்கொண்டு முன்னால் போனது. டிரைவர் தலைக்கு மேலே கம்பி இருக்குமே, அங்கே முன்கால் இரண்டையும் வைத்து நிமிர்ந்து நின்றது. வண்டி கிளம்பியது. அது எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. திட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

கப்பித்தான் முட்டையை உடைக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன். அந்த ஓடு எல்லாம் நாங்கள் உடைத்தது.

துடைப்பது என்றால் அதுதான். உங்கள் பக்கம் இந்தப் பேச்சு கிடையாதா? முதல் நாள் போகும்போது திட்டில் கிடக்கிற முட்டையில் எது இன்றைக்கு இட்டது, எது போன வாரம் இட்டது என்று யாருக்குத் தெரியும்? கொண்டுவந்து உடைத்தால் உள்ளே கண் வைத்திருக்கும், றெக்கை முளைத்திருக்கும். பிள்ளைகள் சாப்பிடாது. அதனால் முதல் நாள் ஒன்றும் எடுக்க மாட்டோம். வரிசையாக நின்று, காலால் மிதித்துக்கொண்டே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் போவோம். ஒரு மூலை விடாமல். திட்டு துடைத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு கிடப்பதெல்லாம் புதிது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நடுவில் காற்று எழும்பி ஒரு வாரம் கடலுக்குப் போக முடியவில்லை என்றால், மறுபடி ஒரு தடவை துடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கப்பித்தான் எங்கள் பின்னாலேயே வரும். மிதித்ததை நக்கும். மணலோடு நக்கும், தும்மும். அதுதான் அந்தக் காலடி. உடைத்தது அது இல்லை. முழு முட்டை பக்கத்தில் கிடந்தால்கூட வாய் வைக்காது. பிரகாசி அப்படிப் பழக்கியிருந்தாள். அதுமட்டும் இல்லை, காக்கை இறங்கினால் விரட்டும். ஒரு காக்கையை உட்கார விடாது. அந்த நாயைப் போய் ஏற்றி அனுப்பினோம்.

ஏன் அப்போதே மேடத்திடம் சொல்லவில்லை என்கிறீர்களா? மேடம் கேட்டது எடுத்ததைத்தானே? உடைப்பது எடுப்பதில் சேராது. ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லையே. துடைப்பதைப் பிரகாசி சொன்னாள், மேடம் கேட்டு மெச்சி, பொன்னாடையும் போட்டாயிற்று. தெரிந்துதான் போட்டது என்று நாங்கள் நினைத்தோம். துடைத்தால் ஆலாவுக்கும் நல்லதுதான். பழசைக் கழித்தால் அது புதிதாக மறுபடி இடும். மல்லிகையைக் கவாத்து பண்ணினால் பூக்கிற மாதிரி. அது எங்கள் அப்பன் சொன்னது.

அடுத்த பங்குனியில் ஆலா வந்தது. நாய் இல்லை. பெண்களை ஏற்றிக்கொண்டு போய்த் துடைத்தோம். சொன்ன சொல் தவறவில்லை, அந்த வருசம் முழுக்க எடுத்தது பாதிதான். அந்த முதல் நாள் துடைத்து முடித்து எல்லாரும் வள்ளத்தில் ஏறியாயிற்று. பிரகாசி மட்டும் திட்டு நடுவில் நின்றுகொண்டிருக்கிறாள். மேலே ஆலா அத்தனையும் கத்துகிறது. நான் திரும்பிப் போய்ப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டேன், "வெயில் ஏறுது, வா."

"ஓடு கெடக்குது பாருங்க" என்றாள்.

"கெடக்கும். இப்பத்தானே துடைச்சோம்."

"போன வருசம் மாதிரியே கெடக்குது."

"ஆமா."

"நாய்தான் இல்ல."

நாய் இல்லாதது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது என்று நினைத்துக்கொண்டேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வள்ளத்தில் கால் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே வந்தாள். கரை வருகிறவரை.

அதற்குப் பிறகு அவள் திட்டுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். வலி உண்மைதான் போலிருக்கிறது. ஆனால் அதே வருசம் ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போனாள், இங்கிருந்து. மாதா கொடுத்த தெம்பு. மற்றப் பெண்களிடமும் துடைக்கப் போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாளாம். "பொன்னாடை போட்டதும் பெரிய மனுசி ஆயிட்டியோ" என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு பேச்சை விட்டுவிட்டாள். முட்டை பொரித்துக் கொடுப்பாள், தான் சாப்பிட மாட்டாள். வாயு என்று சொன்னாள்.

ஒருநாள், யாமினி மேடம் நம்பருக்குப் போன் போடுங்கள் என்றாள். போட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மேடம் வெளிநாடு போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. "எதுக்குப் போடச் சொன்னே?" என்று கேட்டேன்.

"அந்த எண்ணுல நான் சரியா இல்லைன்னு சொல்லணும்."

"எண்ணுல சேலை தெரியலைன்னு அன்னைக்கே சொன்னியே" என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அப்புறம் அவள் பேச்சே குறைந்துபோயிற்று. ஆலாவும் குறைந்தது. ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமாக. துடைக்கப் போகும் பெண்களை நான்தான் கடைசிவரை ஏற்றிக்கொண்டு போனேன். கடைசி வருசம் வரிசையாக நிற்கவேண்டிய வேலைகூட இல்லை. இரண்டு பேர் போனால் போதும். என்னைக் கேட்டால், எல்லாம் காக்கையால்தான். கப்பித்தான் இருந்திருந்தால் காக்கையை விட்டிருக்காது. கணக்கில் நாயைக் கழித்துவிட்டார்கள், காக்கை பெருகிவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுப் பாருங்கள், கோடு சரியாக வரும்.

பிரகாசி போய் நாலு வருசம் ஆகிறது. நெஞ்சுச் சளி. படுத்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். "அந்தத் துணியை எம்மேல போட்டுறாதீங்க." அவளுக்கு எப்போதும் கூச்சம், தம்பி. நாலு பேர் பார்க்க எதையும் உடுத்த மாட்டாள். அவள் சொன்னாள் என்பதற்காக விட்டுவிட முடியுமா? ஊர் கூடிப் போட்ட மரியாதை. சவப்பெட்டிக்குள் நான்தான் போர்த்திவிட்டேன், கழுத்துவரைக்கும். சரிகை மங்காமல் அப்படியே இருந்தது.

என்ன தம்பி, போனை எடுத்துப் பைக்குள் வைக்கிறீர்கள்? பதிவாகிவிட்டதா? நாயைப் பற்றிச் சொன்னது விழுந்திருக்கிறதா? கப்பித்தான் தின்னவில்லை. அதை எழுதிவிடுங்கள். பண்ணை எது என்று தெரிந்திருந்தால் நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன், அப்போதே.

துடைக்காமல் இருந்திருந்தால் என்றா கேட்கிறீர்கள்?

துடைக்காமல் எப்படி, தம்பி? எது புதுசு, எது பழசு என்று எப்படித் தெரியும்?

பிரகாசியும் ஒருநாள் இதையேதான் கேட்டாள். நீங்கள் பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கும் இந்தப் பதிலைத்தான் சொன்னேன்.